வாத்தியார் இல்லாத மேடை

தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். அவர் 1918இல் மதுரையில் உருவாக்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்த ஊரில் முகாமிட்டிருந்தது. சுவாமிகளின் உடல் கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பாரதியின் குயில் தோப்பு இருக்கும் அதே கருவடிக்குப்பம்தான். ஆண்டுதோறும் நவம்பர் 13 அன்று நாடகக் கலைஞர்கள் அங்கே கூடி மாலை சாத்துகிறார்கள், பாடுகிறார்கள், கலைகிறார்கள்.

அந்த நாளை ஒட்டிய பேச்சுகளிலும் எழுத்துகளிலும் ஒரு கருத்து தவறாமல் வரும். சுவாமிகளோடு இசை நாடகத்தின் உயிர் போயிற்று. அதற்குப் பிறகு கம்பெனிகள் நடத்தியதெல்லாம் அவர் பெயரை வைத்துப் பிழைத்த பிழைப்பு. சினிமா வந்ததும் அதுவும் முடிந்தது. நாடகத்துக்கு மட்டும் சொல்லப்படுவதல்ல இது. முன்னால் நின்று பாடியவர் போய்விட்ட இசைக்குழு, நிறுவியவர் மறைந்த நாடகக்குழு, ஆசிரியர் விலகிய பத்திரிகை என எதைப் பற்றிப் பேசினாலும் தீர்ப்பு ஒன்றுதான்: தலை போனால் உடல் எதற்கு? இனிமேல் அவர்கள் மேடையேறுவது ரசிகர்களை ஏமாற்றுவது. அந்தப் பெயரைப் பயன்படுத்த அவர்களுக்கு உரிமை இல்லை.

இந்தத் தீர்ப்பு தவறு. சுவாமிகளின் சபையின் வரலாற்றை வரிசையாகப் பார்த்தாலே அது தெரியும். தனிமனிதர்மேல் உள்ள பக்தியால் சொல்லப்படுவதால் அது மரியாதைபோலத் தோன்றுகிறது. உண்மையில் அந்தத் தனிமனிதர் செய்த வேலையையே அது மறைத்துவிடுகிறது.

சுவாமிகள் மேடையைவிட்டு விலகியது 1922இல் அல்ல, அதற்கு வெகு காலம் முன்பு. 1867இல் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றவர். இருபத்து நான்காம் வயதில் கணக்கர் வேலையை விட்டு நாடகத்துக்கு வந்தவர். தொடக்கத்தில் இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் போன்ற வேடங்களில் அவரே நடித்தார். அந்த வேடங்களில் அவரைக் கண்டு கர்ப்பிணிகள் மிரண்டு கருக்கலைந்ததாகவும், அதனால் மனம் வெறுத்து வேடம் போடுவதையே நிறுத்திவிட்டதாகவும் சொல்லப்படுகிறது. காரணம் எதுவாயினும் விளைவு தெளிவு. அதன் பிறகு அவர் எழுதினார், கற்பித்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் அவர் பெயரில் உள்ளன. அறுபத்தெட்டு என்ற கணக்கும் உண்டு. புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மாமூண்டியா பிள்ளையோடு இருந்து லயத்தை ஆழமாகக் கற்றார். பல கம்பெனிகளுக்கு வாத்தியாராக இருந்தார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். எஸ். ஜி. கிட்டப்பா போன்றவர்கள் அவரிடம் பயின்று வந்தார்கள். பிறர் அரங்கில் நிற்க, தாம் பின்னால் இருந்து உருவாக்குவது என்பதே அவர் வாழ்நாளின் பெரும்பகுதி. அப்படிப்பட்டவர் இல்லாமல் மேடை நிற்காது என்று சொல்வது அவருடைய தொழிலையே அறியாத பேச்சு.

பால சபை என்ற அமைப்பின் இயல்பையும் இங்கே கவனிக்க வேண்டும். பாய்ஸ் கம்பெனி என்று ஊரில் அழைக்கப்பட்ட இந்தச் சபைகளில் நடிகர்கள் எல்லாரும் சிறுவர்கள். ஆறேழு வயதில் பெற்றோர் கொண்டுவந்து சேர்ப்பார்கள். கம்பெனி வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை, பாடம். விடியற்காலையில் ஆர்மோனியத்தோடு பாட்டுப் பயிற்சி, பிறகு வசனப் பாடம், மாலையில் ஒத்திகை அல்லது நாடகம். ராஜபார்ட் ஒருவன், ஸ்திரீபார்ட் ஒருவன், பபூன் ஒருவன் என்று பிரிவு இருந்தாலும், ஒருவன் பாடத்தைக் கேட்டுக் கேட்டு மற்றவனுக்கும் அது மனப்பாடமாகிவிடும்.

இந்தக் கம்பெனிகளுக்கு எப்போதும் ஒரு பயம் இருந்தது: மகரக்கட்டு. ஐந்து கட்டைக்கு மேல் அநாயாசமாகப் பாடிக் கூட்டத்தைக் கட்டிப்போட்ட பையனுக்குப் பதினான்கு, பதினைந்து வயதில் ஒருநாள் தொண்டை உடையும். நேற்றுவரை வள்ளியாகவோ பவளக்கொடியாகவோ நின்றவன் இன்று பாட்டின் மேல்ஸ்தாயியில் தடுமாறுவான். சுவரொட்டியில் அவன் பெயரைப் பார்த்துச் சீட்டு வாங்கியவர்கள் முணுமுணுப்பார்கள். முதலாளிகளுக்கு வசூல் குறையும். ஆனால் கம்பெனி மூடப்படாது. அந்தப் பாடத்தைக் கேட்டுப் பழகிய இன்னொருவன் அந்த இடத்துக்கு வருவான். தொண்டை உடைந்தவன் வேறு வேடத்துக்குப் போவான், சில காலம் கழித்துப் புதிய குரலோடு திரும்புவான். பிரபலமான முன்வரிசை நடிகனை இழப்பதும் அதைத் தாங்குவதும் பாய்ஸ் கம்பெனியில் விபத்தாகக் கருதப்பட்டதில்லை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் காரியம் அது. அந்த முறையை வகுத்து நடத்தியவர்களில் முதன்மையானவர் சுவாமிகள். எவர் போனாலும் நாடகம் நடக்கும்படி கற்பித்தவர், தாம் போனாலும் நடக்கும்படியே கற்பித்திருந்தார்.

மறைவுக்கு முந்தைய காலத்திலேயே அதற்கான சோதனை வந்துவிட்டது. வாத நோய் தாக்கிச் சுவாமிகளுக்குக் கை கால் முடங்கியது, பேச்சும் போயிற்று. ஒரே இரவில் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை எழுதி முடித்தவர் என்று அந்தச் சபையில் பயின்ற டி. கே. சண்முகம் தமது ‘எனது நாடக வாழ்க்கை’யில் வியந்து எழுதும் அந்த மனிதர், பாட்டுச் சொல்லிக் கொடுக்கவும் முடியாமல் கம்பெனியோடு ஊர் ஊராக வந்தார். சிறுவர்கள் நாடகம் நடத்திக்கொண்டிருந்தார்கள். புதுச்சேரிக்கு வந்தபோது அந்தச் சபை ஏற்கெனவே வாத்தியாரின் குரல் இல்லாமல் இயங்கப் பழகியிருந்தது. ஆகவே 1922 நவம்பரை ஒரு முடிவுநாளாகக் காட்டுவது காலக்கணக்குக்கே ஒத்து வராது.

பிறகு நடந்ததைப் பார்ப்போம். அந்தச் சபையில் பயின்ற சகோதரர்கள் நால்வர், டி. கே. எஸ். சகோதரர்கள் என்று அறியப்பட்டவர்கள்: சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி. தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் நாடகக்காரர், ஸ்திரீபார்ட் நடிகர். 1925இல் திருவனந்தபுரத்தில் இவர்களுடைய சொந்தச் சபை, மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபா, தொடங்கப்பட்டது. யார் பெயரில் சபை அமைந்ததோ அந்தச் சண்முகத்துக்கு அப்போது பதின்மூன்று வயதுதான் இருக்கும். சுவாமிகளின் புராண நாடகங்களை அவர்கள் கைவிடவில்லை. அவற்றோடு நிற்கவும் இல்லை. எம். கந்தசாமி முதலியார் புதிய வாத்தியாராக வந்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ நாவல் மேடையேறியது. முழுக்க முழுக்கப் பாட்டால் நடந்த நாடகத்தில் தேர்ந்த பிள்ளைகள், வீட்டுக்கூடத்தில் நடக்கும் சமகாலக் கதையை வசனத்தால் நடத்திக் காட்டினார்கள். அதுவே 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் திரைப்படமாயிற்று. வங்க எழுத்தாளர் நிருபமா தேவியின் நாவலைத் தழுவிய ‘குமாஸ்தாவின் பெண்’ பின்னால் வந்தது. அதுவும் 1941இல் படமாயிற்று. 1940களில் ‘ஔவையார்’ நாடகம் சண்முகத்துக்கு ஔவை என்ற அடைமொழியையே தந்தது. 1944இல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாட்டைக் கூட்டியவர்களும் இவர்களே. 1950களில் அரு. ராமநாதனின் ‘ராஜராஜ சோழன்’ இவர்கள் மேடையில் வெற்றி கண்டது.

இதைச் சுவாமிகளின் மரபிலிருந்து விலகல் என்று சொல்பவர்கள் உண்டு. பாட்டைக் குறைத்தார்கள், விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்தில் சுருக்கினார்கள், புராணத்தை விட்டுச் சமூகக் கதைக்குப் போனார்கள் என்பது குற்றச்சாட்டு. தகவல் சரி, குற்றம்தான் எங்கே என்று தெரியவில்லை. சுவாமிகளே அதைத்தான் செய்தார். அவர் வருவதற்கு முன் மேடையில் நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருந்த வழக்கம் இருந்தது. கட்டுக்கோப்பான வசனமும் பாட்டும் எழுதி அதற்கு ஒழுங்கு கொண்டுவந்தார். தம் காலத்து மேடையை மாற்றியவரின் மாணவர்கள் தங்கள் காலத்து மேடையை மாற்றினால் அதற்குத் துரோகம் என்று பெயரிட முடியாது. ஆசிரியர் செய்ததை அப்படியே நகலெடுத்திருந்தால், உயிரில்லாத நகல் என்று இதே வாய்கள் சொல்லியிருக்கும். விலகினால் துரோகம், பின்பற்றினால் நகல் என்றால் எஞ்சிய குழு செய்வதற்கு எதுவுமே இருக்காது. தலைவருக்குப் பிந்தைய எந்தக் குழுவைப் பற்றியும் இந்த இரண்டு குற்றச்சாட்டுகளும் ஒருசேர வைக்கப்படுகின்றன. வேலையைப் பார்க்காமல் முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டதற்கு அதுவே அடையாளம்.

சுவாமிகள் நூலாசிரியர், எழுத்து தங்கும், அதனால் அவர் விஷயத்தில் தொடர்ச்சி எளிது, முன்னால் நின்று பாடிச் சிரிக்கவைத்த கலைஞன் போனால் அப்படி நடக்காது என்று அடுத்த வாதம் வரும். அதற்கான விடையும் இந்தப் பரம்பரையிலேயே இருக்கிறது. டி. கே. எஸ். சகோதரர்களின் கம்பெனியில் வளர்ந்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். தமிழ்நாட்டில் அவரைவிட முகம் தெரிந்த கலைஞர் 1940களில் அதிகம் பேர் கிடையாது. 1944 டிசம்பரில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானார். 1947இல் விடுதலையாகும்வரை சிறையில் இருந்தார். என். எஸ். கே. நாடக சபை என்று அவர் பெயரையே தாங்கிய குழு அப்போது என்ன செய்தது? டி. கே. எஸ். கம்பெனியிலிருந்தே வந்த எஸ். வி. சகஸ்ரநாமம் பொறுப்பேற்று நடத்தினார். ‘பைத்தியக்காரன்’ என்ற புதிய நாடகம் அரங்கேறியது. வயதான மனிதருக்குக் கட்டிவைக்கப்படும் இளம்பெண்ணின் கதை அது. கலைவாணரின் நகைச்சுவைக்காகக் கூடிய மக்கள் முன்னால், அவர் இல்லாத குழு கனமான சமூக நாடகத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. கிருஷ்ணனின் மனைவி டி. ஏ. மதுரத்தின் முயற்சியில் அதுவே 1947இல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமாக வெளிவந்தது. வழக்குச் செலவு ஒருபுறம், குழுவைக் காப்பாற்றும் பொறுப்பு ஒருபுறம் என்று நின்ற அந்தக் கலைஞர்களைப் பெயர்ப்பலகையை வைத்துப் பிழைத்தவர்கள் என்று சொல்ல மனசாட்சி உள்ள எவருக்கும் வாய் வராது.

அதே சபையிலிருந்து பிரிந்து சென்ற கே. ஆர். ராமசாமி தொடங்கிய கிருஷ்ணன் நாடக சபா, அண்ணாவின் ‘ஓர் இரவு’, ‘வேலைக்காரி’ நாடகங்களை மேடையேற்றியது. சகஸ்ரநாமம் பின்னாளில் சேவா ஸ்டேஜ் என்ற குழுவை உருவாக்கினார். தலைவர் இல்லாத இடைவெளியில் ஒரு குழு சிதையவும் கூடும், இரண்டாகப் பிரியவும் கூடும். பிரிந்த கிளையும் காய்க்கலாம் என்பதைத் தமிழ் நாடகம் கண்ணால் கண்டிருக்கிறது.

தமிழகத்துக்கு வெளியே இதே விவாதம் மிகக் கூர்மையாக நடந்தது ஓர் அயர்லாந்து இசைக்குழுவைப் பற்றி. 1982இல் லண்டனில் உருவான ‘போக்ஸ்’ குழு, அயர்லாந்தின் நாட்டுப்புற இசையையும் பங்க் இசையின் ஆவேசத்தையும் ஒன்றாக்கியது. அதன் முகம் ஷேன் மெகவன்: பாடகர், முதன்மைப் பாடலாசிரியர், பெருங்குடிகாரர். 1991இல் ஜப்பான் பயணத்தின்போது குழுவினரே அவரை விலக்கினார்கள். மேடைக்கு வர முடியாத நிலைக்கு அவர் போயிருந்தார். சில காலம் ஜோ ஸ்ட்ரம்மர் அந்த இடத்தில் பாடினார். பிறகு தகரக் குழல் வாசித்துக்கொண்டிருந்த ஸ்பைடர் ஸ்டேசி முன்னால் வந்தார். 1993இல் ‘வெயிட்டிங் ஃபார் ஹெர்ப்’ இசைத்தட்டு வெளியானது. 1996 அளவில் குழு கலைந்தது. 2001இல் மெகவனோடு மீண்டும் கூடியது. 2023 நவம்பர் 30 அன்று மெகவன் இறந்தார்.

மெகவன் இல்லாத போக்ஸ் போக்ஸே அல்ல என்பது அன்று முதல் இன்று வரை உலக ரசிகர்களின் பொதுக் கருத்து. கேட்டுப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஸ்டேசியே எழுதிப் பாடிய ‘டியூஸ்டே மார்னிங்’ பிரிட்டனின் விற்பனை வரிசையில் 18ஆம் இடம் வரை சென்றது. ஸ்டேசியின் குரலில் மெகவனின் சிதைவும் கசப்பும் இல்லை. அதை அவர் போலி செய்யவும் முயலவில்லை, தன் குரலில் நேராகப் பாடினார். பாஞ்சோ, அக்கார்டியன், குழல் மூன்றும் பின்னும் அந்த ஓசை அதே கைகளால் நெய்யப்பட்டது. முன்பும் அந்தக் குழு ஒருவரின் கைவேலையாக இருந்ததில்லை. மிகப் புகழ்பெற்ற அவர்களுடைய கிறிஸ்துமஸ் பாடலை மெகவனோடு சேர்ந்து எழுதியவர் பாஞ்சோ வாசித்த ஜெம் ஃபைனர். அமெரிக்காவுக்குக் கப்பலேறிய அயர்லாந்துக்காரர்களைப் பற்றிய அவர்களின் பெரும் பாடலை எழுதியவர் கிதார் வாசித்த ஃபிலிப் செவ்ரான்.

அப்படியானால் குழு ஏன் 1996இல் கலைந்தது என்று கேட்கலாம். விடை நேரானது. ‘வெயிட்டிங் ஃபார் ஹெர்ப்’ வெளிவந்ததை ஒட்டிய காலத்தில் சிட்டர்ன் வாசித்த டெர்ரி உட்ஸ், அக்கார்டியன் கலைஞர் ஜேம்ஸ் ஃபியர்ன்லி, செவ்ரான் மூவரும் விலகினார்கள். அடுத்த இசைத்தட்டு அவர்கள் இல்லாமல் பதிவானது, அதில்தான் தளர்ச்சி வெளிப்படையாகத் தெரிகிறது. பாடகர் போனபோது நின்ற குழு, வாத்தியக்காரர்கள் போனபோது விழுந்தது. பொதுக் கருத்து சொல்வதற்கு நேர் எதிரான சான்று இது. மெகவன் மறைந்த மறு ஆண்டு, 2024இல், ஸ்டேசியும் ஃபைனரும் ஃபியர்ன்லியும் லண்டன் மேடையில் முதல் இசைத்தட்டின் பாடல்களை இளம் பாடகர்களைக் கொண்டு மீண்டும் இசைத்தார்கள். பாடியவர்கள் புதியவர்கள், வாத்தியங்கள் பழைய கைகளில் இருந்தன.

மெகவன் மேதை என்பதை மறுக்க இங்கே இடமே இல்லை. அவர் எழுதிய தரத்தில் ஸ்டேசி எழுதவில்லை, அதுவும் உண்மை. ஆனால் ஒருவர் மேதை என்பதிலிருந்து மற்ற எழுவரும் வெறும் துணை என்ற முடிவு பிறக்காது. நாயகனைத் தவிர யாரையும் பார்க்காத கண் சினிமாவிலிருந்து பழகிய கண். அந்தக் கண்ணோடு ஒரு குழுவைக் கேட்டால் காதில் பாதிதான் விழும்.

சுவாமிகளின் நாடகங்களுக்குத் திரும்பினால், தலைவர் மட்டுமின்றிக் கம்பெனியே இல்லாமல் அவை வாழும் காட்சி தென்மாவட்டங்களில் இன்றும் உண்டு. மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரங்களில் பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கு நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூனும் டான்ஸும் இன்னும் வேறு ஊர். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக் கலைஞர்களும் தனித்தனியாகப் பேசி அழைக்கப்படுகிறார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. இரவு பத்து மணிக்குத் தடுப்புக்குப் பின்னால் பெட்டியைத் திறந்து முகத்துக்கு அரிதாரம் பூசும்போதுதான் அன்றைய முருகனும் அன்றைய வள்ளியும் சந்தித்துக்கொள்வதுண்டு. எத்தனை கட்டை சுருதி, தர்க்கத்தை எதுவரை கொண்டுபோகலாம் என்று நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள். ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்ததும் நாடகம் தொடங்கி விடியும்வரை நடக்கும். ‘வள்ளி திருமணம்’ இப்படி எத்தனை ஆயிரம் இரவுகள் நடந்திருக்கும் என்று கணக்கிட வழியில்லை.

இது எப்படி முடிகிறது? சுவாமிகளின் பாடம் எல்லாருக்கும் பொதுவாக இருப்பதால் முடிகிறது. எந்த விருத்தத்துக்குப் பின் எந்தப் பாட்டு, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று ஆயிரக்கணக்கான கலைஞர்களின் நினைவில் அது பரவிக் கிடக்கிறது. நடுவில் ஒருவர் புதிதாக ஒரு கேள்வியைப் போட்டால், எதிரே நிற்பவர் அந்தக் கணத்தில் பதில் கட்ட வேண்டும். அந்தப் பதிலைச் சுவாமிகள் எழுதித் தரவில்லை. அவர் தந்தது பதில் கட்டும் பயிற்சி. பபூன் காட்சிகளில் விரசம் மிகுந்துவிட்டது என்று இந்த நாடகங்களைப் பழிப்பவர்கள் அந்த ஒரு மணி நேரத்தை வைத்து விடியும்வரை நடக்கும் பாட்டையும் தர்க்கத்தையும் எடைபோடுகிறார்கள். தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒரு முழு இரவு உட்கார்ந்து கேட்பதே நேர்மை.

புதுச்சேரிக்கு அருகிலேயே நம் காலத்து உதாரணம் ஒன்றும் இருக்கிறது. வீணாபாணி சாவ்லா 1981இல் மும்பையில் தொடங்கிய ஆதிசக்தி நாடகக்குழு 1993இல் புதுச்சேரிக்கு வந்து, ஆரோவிலை ஒட்டிய பகுதியில் நிலைகொண்டது. கூடியாட்டத்தின் மூச்சுப் பயிற்சி, களரிப்பயிற்று, மிழாவு வாசிப்பு ஆகியவற்றைக் கொண்டு நடிகருக்கான ஒரு பயிற்சி முறையை அவர் உருவாக்கினார். ‘பிருஹன்னளா’, ‘கணபதி’ போன்ற படைப்புகள் அவருக்குப் பெரும் பெயர் தந்தன. 2014 நவம்பர் 30 அன்று அவர் மறைந்தார். அவர் இல்லாத ஆதிசக்தி ஒரு நினைவில்லமாகிவிடும் என்ற அச்சம் நியாயமானதாகவே இருந்திருக்கலாம், ஏனெனில் குழுவின் பெயரும் அவர் பெயரும் ஒன்றாகவே சொல்லப்பட்டு வந்தன. ஆனால் அவரிடம் பயின்ற வினய் குமார் பொறுப்பேற்றார். நிம்மி ராஃபேல் எழுதி இயக்கிய ‘பாலி’, ‘ஊர்மிளா’, வினய் குமார் இயக்கிய ‘பூமி’ எனப் புதிய நாடகங்கள் வந்தன. வாலி வதத்தைப் பல பாத்திரங்களின் பார்வையிலிருந்து பார்ப்பதும், பதினான்கு ஆண்டுகள் உறங்கும்படி விடப்பட்ட ஊர்மிளையை மேடையின் நடுவே கொண்டுவருவதும் வீணாபாணியின் பழைய படைப்புகளின் மறுபதிப்பு அல்ல. மூச்சும் தாளமும் அவர் கற்பித்தவை, கேள்விகள் இவர்களுடையவை. அவர் நினைவாக நடத்தப்படும் ஆண்டு விழாவிலும் நாடகமும் இசையும் நடனமும்தான் நிகழ்கின்றன.

பெயரைப் பற்றிய புகார் ஒன்று மிச்சம் இருக்கிறது. தலைவர் இல்லாதபோது பழைய பெயரை வைத்துக்கொள்வது முறைகேடு என்கிறார்கள். டி. கே. எஸ். சகோதரர்கள் புதுப் பெயரில் புதுச் சபை கண்டார்கள், என். எஸ். கே. சபையும் போக்ஸும் ஆதிசக்தியும் பழைய பெயரிலேயே தொடர்ந்தன. இரண்டு வழியும் நேர்மையானவையே. இரவோடு இரவாக மாட்டுவண்டியிலும் ரயிலிலும் சீன்களையும் திரைகளையும் ஏற்றி இறக்கி, வசூல் இல்லாத ஊரில் அரைவயிறு உண்டு, அந்தப் பெயருக்கு மதிப்புத் தேடித் தந்தவர்கள் குழுவினர் அனைவரும். அதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. இன்னார் இப்போது இல்லை என்று சுவரொட்டியில் மறைக்காமல் சொன்னால் ரசிகருக்குச் செய்ய வேண்டிய நியாயம் முடிந்தது.

கலைக்குழுக்களின் மீது தனிமனித வழிபாட்டைச் சுமத்துவதால் நேரும் நட்டம் சிறியதல்ல. முதலில், எஞ்சியவர்களின் படைப்பு கேட்கப்படாமலேயே போகிறது. அடுத்து, வாழும் தலைவர்கள் தங்களுக்குப் பின் எவரையும் தயார் செய்யத் தேவையில்லை என்று எண்ணத் தொடங்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வரலாறு பிழையாக எழுதப்படுகிறது. 2019 நடிகர் சங்கத் தேர்தலில் ஓர் அணி சுவாமி சங்கரதாஸ் பெயரைச் சூட்டிக்கொண்டு நின்றது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. இந்திரா பார்த்தசாரதி அதன் தொடக்க காலப் பொறுப்பில் இருந்தார். இப்படிப் பெயர் எங்கும் இருக்கிறது. அவர் கையில் வளர்ந்து, அவர் மறைந்த மறுநாளும் பாடம் சொல்லி அரிதாரம் பூசிய சிறுவர்களின் பெயர்களைத் தேடினால் சகோதரர் நால்வருக்கு அப்பால் சிலரைத்தான் சொல்ல முடிகிறது.

புதுச்சேரியில் நவம்பர் 13 விழாவை நடத்துவோரும், பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பிப்போரும், கலைப் பண்பாட்டுத் துறையினரும் ஒன்று செய்யலாம். கருவடிக்குப்பத்தில் காலையில் மாலை சாத்திய பிறகு, அன்றிரவு ஊருக்குள் ஒரு மேடை போட்டு, மதுரையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கலைஞர்களைத் தகுந்த சம்பளம் கொடுத்து அழைத்து, ‘வள்ளி திருமணம்’ அல்லது ‘பவளக்கொடி’யை இரவு பத்து மணி முதல் விடியும்வரை நடத்தட்டும். அரங்கேறிய ஒவ்வொரு கலைஞரின் பெயரையும், பக்கவாத்தியக்காரர் பெயர் உட்பட, அச்சிட்டு வைக்கட்டும். தமிழ் நாடக வரலாறு எழுதுவோர் 1922இல் ஓர் இயலை முடிக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, அந்த ஆண்டில் ஓர் இயலைத் தொடங்கட்டும்.